ஒப்புக்கொடுத்தவள்

அவளுடைய முழங்கால்களை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். குளித்துவிட்டு வந்து, பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி ஈரம் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு முழங்காலிலும் தோல் தடித்துக் கறுத்து, மாட்டின் முழங்காலைப் போல வெடித்திருந்தது. ஒரு வெடிப்பிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. நான் பார்ப்பதை அவள் கண்டாள். மறைக்கவில்லை. புதுக்காப்புப் போட்டவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்களே, அப்படி வெளிச்சம் படும்படியாகக் காலைக் கொஞ்சம் திருப்பினாள். அன்று வைத்த கத்தரிக்காய்க் குழம்பை நான் தொடவில்லை.

நேரில் அவளை அக்கா என்றும் நீங்கள் என்றும்தான் கதைத்தேன். எழுதும்போது கை ‘அவள்’ என்று எழுதுகிறது. திருத்த எனக்கு மனமில்லை.

இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் சீசாப் பகுதியில், மூன்றாம் மாடியில் இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள வீட்டில் நாங்கள் இருவரும் இருந்தோம். என் கணவரும் மகளும் அப்போது யாழ்ப்பாணத்தில். அவர்களைப் பலெர்மோவுக்குக் கூப்பிடுவதற்கான கடதாசிகள் அலுவலகங்களில் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தன. அவளுக்குக் கூப்பிட யாருமில்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்து நெடிய உடம்பு, சாம்பல் நிறப் பாவாடை, கழுத்தில் கறுத்தக் கயிற்றில் மரச்சிலுவை. பார்ப்பவர்கள் கன்னியாஸ்திரி என்றே நினைப்பார்கள். அவள் கன்னியாஸ்திரி அல்ல. பத்தொன்பது வயதில் மடத்தில் சேர்ந்தவள், ஒன்றரை வருடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதை அவள் பிறந்த தீவைச் சேர்ந்த ஒரு பெண் எனக்குச் சொன்னாள். கீழ்ப்படிதல் இல்லை என்று சொல்லி அனுப்பினார்களாம். நான் அவளிடமே ஒருநாள் கேட்டேன். மடத்தில் சுகம் கூடிப்போய்விட்டது என்றாள், மெத்தை போட்டிருந்தார்களாம்.

குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் அவளுடைய பெர்மெஸ்ஸோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்கப் போனபோது நானும் கூட நின்றேன். என்ன தொழில் என்று அதிகாரி கேட்டார். என் வாழ்க்கை முழுவதையும் கடவுளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று நல்ல இத்தாலிய மொழியில் சொன்னாள். அவர் தலை நிமிராமல் வீட்டுவேலை என்று எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சைவச் சனமும் பெல்லெகிரீனோ மலைக்கு ஏறும். அங்கே குகைக்குள் இருக்கும் சாந்தா ரொசாலியா என்ற புனிதையிடம் வீசா, பிள்ளை, வீடு என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கேட்டுக்கொண்டு வருவோம். அவளும் ஏறுவாள், வெறுங்காலோடு, எல்லோருக்கும் பின்னால். ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

“நீங்கள் எல்லாரும் கேக்கப் போறியள். நான் குடுக்கப் போறன்.”

என்ன குடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். குதிக்காலில் ஒரு கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது. அடிவாரத்திலேயே ஏறிவிட்டதாம், எடுக்காமல் நடந்திருக்கிறாள்.

அவளிடம் ஒரு சொல் இருந்தது. “சும்மா போகவிடாதை.” பஸ் கதவில் என் விரல் நசுங்கியபோது ஓடிவந்து விரலைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் சொன்னாள். வலி வந்தால் அதை வீணாக்கக் கூடாது, உடனே ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய கணக்கு. பல்லுவலிக்கும் அதே சொல், செத்தவீட்டுக்கும் அதே சொல். ஒரேத்தோத் தெருவில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. பார்க்கப் போன நாங்கள் எல்லோரும் என்ன சொல்வதென்று தெரியாமல் பிஸ்கட்டும் பழமும் வைத்துவிட்டு இருந்தோம். இவள் அந்தப் பெண்ணின் கட்டிலுக்கு அருகில் முழந்தாளிட்டு, அவளுடைய கையைத் தன் கன்னத்தில் வைத்து, அந்தச் சொல்லைச் சொன்னாள். புருஷன் இவளைத் தோளில் பிடித்துப் படிவரை தள்ளிக்கொண்டு போனான். இவள் படியிறங்கும்போது அழுதுகொண்டுதான் போனாள். நடிப்பு இல்லை. அந்தப் பெண்ணுக்காக உண்மையாகவே அழுதாள். அதுதான் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

பிறந்தநாள் வீடுகளுக்கும் கூப்பிட்டால் வருவாள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போலச் சுவரோரம் ஒரு கதிரையில் இருப்பாள். சனம் சிரித்தால் யன்னலைப் பார்ப்பாள். கேக் வெட்டும்போது யாராவது விரலை வெட்டிக்கொண்டால் முதலில் எழும்புகிறவள் அவள்தான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டால் பாவம். என் பெர்மெஸ்ஸோ சிக்கலில் மாட்டியபோது ஐந்து நாள் விடியப்புறம் என்னோடு வரிசையில் வந்து நின்றவள் அவள். எனக்காக மொழிபெயர்த்தவளும் அவள்தான். ஒரு குளிர்காலத்தில் எனக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் என் தலைமாட்டை விட்டு நகரவில்லை. எனக்கு வாந்தி வந்தபோது சத்தியை வெறுங்கையால் அள்ளினாள். என் உடுப்பைத் தோய்த்தாள், கஞ்சி பருக்கினாள், முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பெற்ற தாய்கூட அப்படிப் பார்ப்பாளா என்று நினைத்து நான் அழுதிருக்கிறேன். பத்தாம் நாள் எழும்பி, முகம் கழுவி, நானே சோறு போட்டேன். அவளுக்கும் ஒரு கோப்பையில் போட்டு நீட்டினேன். வாங்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கடை பூட்டியிருப்பதைக் கண்டு திரும்பிப் போகிறவரின் முகம் அவளுக்கு. அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தாள். நான் என்ன பிழை செய்தேன் என்று அந்த மாதம் முழுவதும் யோசித்தேன். சுகமானதுதான் பிழை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது.

அவள் லிபெர்த்தாத் தெருவில் ஒரு சிஞ்ஞோராவை, வயதான இத்தாலிய அம்மாவை, பார்க்கும் வேலைக்குப் போனது அதற்கு அடுத்த வருடம். அங்கேயே தங்கி வேலை. கிழமையில் வியாழன் பின்னேரமும் ஞாயிறு முழுவதும் அவளுக்கு விடுமுறை. அந்த நேரத்துக்கு ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

சிஞ்ஞோராவுக்கு எண்பது தாண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். எலும்பில் புற்றுநோய். மரக்கதவு வைத்த பழைய லிஃப்டில் நாலாம் மாடிக்கு ஏறினால், உயரக் கூரையும் தடித்த திரைச்சீலையுமாகப் பெரிய வீடு, அதன் நடுவில் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று. ஒரே மகள். வழக்கறிஞர், நகரத்தின் மற்றப் பக்கத்தில் குடும்பத்தோடு இருந்தாள். புதன்கிழமையும் ஞாயிறு பின்னேரமும் வருவாள். வலிக்கு வைத்தியர் துளி மருந்து எழுதியிருந்தார். எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, எண்ணி, தண்ணீரில் விட்டுக் கொடுக்க வேண்டும்.

அங்கே நான் முதலில் கண்டது அந்தச் சாப்பாட்டு விசயம். ஒரு வியாழக்கிழமை கொஞ்சம் முந்திப் போய்விட்டேன். அவள் சிஞ்ஞோராவுக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தாள். வயிறு பிரட்டிய அந்தக் கிழவி பாதியை மென்று மார்புத் துணியில் துப்பினார். அவள் அந்தத் துணியை மடித்து, துப்பியதைக் கரண்டியால் வழித்து, சிலுவை போட்டுவிட்டுத் தன் வாயில் வைத்தாள். மெதுவாக விழுங்கினாள். நான் வாசலில் நிற்பதை அப்போதுதான் கண்டாள். ஆண்டவருடைய சாப்பாட்டை எறியக் கூடாது பிள்ளை என்றாள். நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சிஞ்ஞோராவோ அவளை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதப் பிறவி இன்னொன்றை அப்படிப் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இரண்டாவதாகக் கண்டது தலையணை. ஒவ்வொரு வியாழனும் நான் போகும்போது தலையணை உறையின் மூலை கடிபட்டு நைந்திருக்கும். சிஞ்ஞோராவின் விரல்கள் கட்டில் கம்பியைப் பிடித்துப் பிடித்துச் சிவந்திருக்கும். நான் துளி மருந்தைக் கொடுத்து ஒரு மணித்தியாலத்தில் முகம் தளர்ந்துவிடும். ஞாயிறு பின்னேரம் மகள் வரும்போது கிழவி சிரித்துக் கதைப்பார். புதன்கிழமை மகள் வரும்போது முனகிக்கொண்டு கிடப்பார். கூட்டிப் பார்த்திருந்தால் நான் அப்போதே கண்டுபிடித்திருக்கலாம். நான் கூட்டிப் பார்க்கவில்லை. அக்கா எப்போதும் பக்கத்தில் இருக்கிறாள், அவளைவிட யார் கவனமாகப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

மருந்து போதவில்லை என்று மகள் முடிவு செய்தாள். ஒரு வெள்ளிக்கிழமை வைத்தியரைக் கூட்டிவந்தாள். வைத்தியர் கடிபட்ட தலையணையைப் பார்த்துவிட்டு அளவை இரட்டிப்பாக்கினார்.

அந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு, புதுக் கடதாசியில் எழுதியிருந்தபடி நான் எண்ணிக் கொடுத்தேன். சிஞ்ஞோரா குடித்துவிட்டு, இன்றைக்கு மாதா கோயில் மணி பிந்தி அடிக்கிறது என்றார். பிறகு உறங்கினார். பத்து மணிக்குத் திரைச்சீலையை விலக்கப் போனபோது அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு மூச்சு வந்து, அடுத்த மூச்சு வருவதற்குள் நான் அறையின் அந்தப் பக்கம் போய் வரலாம் போல இருந்தது. தோளில் தட்டினேன், கன்னத்தில் தட்டினேன், கத்திக் கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. அம்புலன்ஸ் வரும்வரை அவருடைய நெஞ்சில் கை வைத்து ஒவ்வொரு மூச்சுக்கும் காத்திருந்தேன். என் ஆயுளில் அவ்வளவு நீளமான இருபது நிமிடம் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு எழுப்பினார்கள். தப்பிவிட்டார். மகள் வந்து என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். எத்தனை துளி கொடுத்தாய்? கடதாசியில் உள்ளபடி என்றேன். வெள்ளி பின்னேரத்திலிருந்து அதே அளவைத்தான் அம்மா குடிக்கிறார், நேற்று முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை, நீ கொடுத்த ஒரே தடவையில் மட்டும் எப்படி இப்படி ஆகும் என்றாள். போனைப் பார்த்துக்கொண்டு எண்ணினாயா என்று கேட்டாள். நாளைக்குப் பொலிசில் முறைப்பாடு கொடுக்கப்போவதாகச் சொன்னாள். சத்தம் போடாமல் சொன்னாள். என் பெயரில் ஒரு பொலிஸ் கேஸ் வந்தால் என் கணவரின் கடதாசி அந்த மேசையிலேயே நின்றுவிடும். என் மகளுக்கு ஏழு வயதாகியிருந்தது. நான் புறப்பட்டபோது அவளுக்கு மூன்று.

சீசாவுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. அவள் பூசைக்குப் போய்வந்து குசினியில் உப்பில்லாத சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். சிஞ்ஞோரா தப்பினாரா என்று முதலில் கேட்டாள். தப்பிவிட்டார் என்றேன். கண்ணை மூடி நன்றி சொன்னாள். பிறகு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

“நான் அவவுக்குத் துளி குடுக்கிறேல்லை, பிள்ளை. ரெண்டு மாசமாய்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. மருந்துப் போத்தல் குறைகிறதே என்றேன்.

“எண்ணித்தான் கிளாசுக்கை விடுவன். சிலுவை போட்டுத் தொட்டிக்கை ஊத்திப்போடுவன். பொய் சொல்லேல்லை. மகள் என்னட்டை எவ்வளவு நேரம் நோகுது எண்டுதான் கேட்டவ. குடுத்தனீங்களோ எண்டு ஒருநாளும் கேக்கேல்லை.”

மருந்து பழகாத அந்த உடம்புக்குத்தான் நான் இரட்டிப்பு அளவைக் கொடுத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அந்த மனிசி வாழ்நாள் முழுவதும் கடவுளை நினைக்காதவர், இப்போது கடைசியில் ஆண்டவருக்குக் கொடுக்க அவரிடம் இந்த வலி ஒன்றுதான் இருக்கிறது, அதையும் மருந்தால் அழித்துவிட்டால் வெறுங்கையோடு போவார் என்றாள். தன் வாழ்க்கையைத் தான் கொடுத்துவிட்டதாகவும், மற்றவர்களைக் கொடுக்கச் செய்வதும் அந்த ஊழியத்தில் சேர்ந்ததுதான் என்றும் சொன்னாள். அவளுடைய முகத்தில் கள்ளம் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். அவள் கள்ளியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

“நாளைக்கு வந்து மகளிட்டைச் சொல்லுங்கோ அக்கா. என்ரை பிள்ளையின்ரை விசயம்.”

அவள் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். காய்ச்சலில் பிடித்த அதே பிடி. கண் நிறைந்துவிட்டது.

“செய்யாத பிழைக்குப் பேச்சு வாங்கிறது எல்லாருக்கும் கிடையாது. ஆண்டவருக்குக் கிடைச்சது, இப்ப உனக்குக் கிடைச்சிருக்கு. சும்மா போகவிடாதை.”

நான் கையை உதறினேன். அவள் தொட்ட இடத்தைப் பாவாடையில் துடைத்தேன். வாழ்க்கையில் பல பேரோடு கோபப்பட்டிருக்கிறேன். கோபம் கொஞ்சம் சூடாக இருக்கும், ஆறும். இது அப்படியில்லை. தலைமயிர் விழுந்த சோற்றை விழுங்கியபின் தெரிந்துகொண்டவளைப் போல இருந்தது. என்னை ஒன்பது நாள் தடவிய கை இது. அப்போது அவள் என்னைத் தடவினாளா, என் காய்ச்சலைத் தடவினாளா?

மறுநாள் காலை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் இழுபட்டு வந்தாள், எதிர்க்கவில்லை. ஆஸ்பத்திரி நடையில் மகள் நின்றாள். துளி மருந்து கொடுத்தீர்களா என்று அவளைக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். மகள் கேட்டாள். இல்லை என்று அவள் சொன்னாள். என்னிடம் சொன்ன எல்லாவற்றையும், ஒரு சொல் குறைக்காமல், இத்தாலிய மொழியில் சொன்னாள்.

மகள் சுவரோர வாங்கில் இருந்துவிட்டாள். பிறகு, என் அம்மா எப்படித் துடித்திருப்பார் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

“தெரியும்,” என்றாள் அவள். “ஒரு நிமிடமும் விடாமல் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். நீங்கள் எங்கே இருந்தீர்கள்?”

குத்திக் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்பவளைப் போலவே கேட்டாள். மகள் பொலிசுக்குப் போகவில்லை. என்மேலும் போகவில்லை, அவள்மேலும் போகவில்லை. அந்தக் கேள்விதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அவளை இனி அம்மாவின் கண்ணில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டு, முழுநேரமாக வரும்படி கேட்டாள்.

எங்கள் தமிழ்ச் சனத்துக்குப் பூசை வைக்கும் பாதரிடம் நான் போய்ச் சொன்னேன். நான் சைவக்காரி, அவரிடம் அதுவரை கதைத்ததே இல்லை. அவருடைய முகம் வெளிறிவிட்டது. தானாக வந்த வலியை ஒருவர் தானாக ஒப்புக்கொடுக்கலாம், அடுத்தவருடையதை எடுத்துக் கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை, அதற்குப் பெயர் வேறு என்றார். அவளை நோயாளிகள் இருக்கும் எந்த வீட்டுக்கும் அனுப்பக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லி, ஒரேத்தோப் பக்கத்தில் ஏழைகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் இடமொன்றில் பாத்திரம் கழுவ வைத்தார். சீசா வீட்டைவிட்டு ஒரே பையோடு போனாள். போகும்போது என்னோடு கோபம் இல்லை என்றாள். அவளுடைய அறையை மூன்று தடவை கழுவினேன். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் கழுவினேன்.

சிஞ்ஞோரா வீட்டுக்கு வந்தார். வைத்தியர் அளவைத் திரும்பச் சரி செய்தார். நான் மணி பார்த்து, எண்ணி, ஒரு துளி பிசகாமல் கொடுத்தேன். தலையணை உறை புதிதாகவே இருந்தது. கிழவிக்கு வலி இல்லை. எனக்குப் பெருமை. மருந்து கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருந்து என் மகளோடு போனில் கதைப்பேன், இல்லாவிட்டால் அயர்ன் பெட்டியால் உடுப்பு மினுக்குவேன். வலியில்லாத ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து என்ன செய்வது?

மூன்று கிழமை கழித்து அவர் முதன்முதலாகக் கேட்டார். என் ஆள் எங்கே? போய்விட்டாள் என்றேன். அடுத்த நாளும் கேட்டார். பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டார். சாப்பாட்டைத் தள்ளினார், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். நான் கையைப் பிடித்தால் மெதுவாக உருவிக்கொண்டார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் உங்களுக்கு மருந்து தரவில்லை, அது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும்,” என்றார். “முதல் நாட்களில் கெஞ்சினேன். தரமாட்டாள். என்னோடு சேர்ந்து அழுவாள்.”

“மகளிடம் ஏன் சொல்லவில்லை?”

“சொன்னால் அவளை அனுப்பிவிடுவார்களே.”

பிறகு என்னைப் பார்த்து, நான் செத்துக்கொண்டிருக்கிறேன், அதற்காக அழுத ஒரே ஆள் அவள்தான் என்றார். எனக்கு அந்தக் கிழவிமேலும் அருவருப்பு வந்தது. அறுபது பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். தன்னை வதைத்தவளுக்காக இப்படி ஏங்குகிறாரே என்று இருந்தது. பின்னேரம் மகளுக்கு விசயத்தைச் சொன்னேன். அம்மா சாகப்போகிறார், ஒரு மணித்தியாலம் வந்து போகட்டும், ஆனால் தான் அங்கே நிற்கமாட்டேன், மருந்துப் போத்தலை உன் கையில் வைத்திரு என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் வந்தாள். பாத்திரம் கழுவிக் கழுவி விரல்கள் வெளிறியிருந்தன, இன்னும் மெலிந்திருந்தாள். நான் எட்டு மணிக்கே மருந்து கொடுத்திருந்தேன். சிஞ்ஞோரா தலைமயிர் வாரச் சொல்லி, வெள்ளைச் சால்வையைக் கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினார். அவள் கட்டிலருகில் முழந்தாளிட்டு அந்தக் கைகளைப் பிடித்தாள். போத்தலைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன்.

அவள் கிழவியின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள். முகம் அமைதியாக இருந்தது, தலையணையும் சுத்தமாக இருந்தது.

“வலிக்கிறதா?” என்று கேட்டாள்.

“இல்லை,” என்றார் சிஞ்ஞோரா. சந்தோஷமாகத்தான் சொன்னார். “இப்போது ஒன்றுமே இல்லை.”

அவளுடைய முகம் மெல்ல அணைந்தது. நல்லது என்றாள். பிடித்திருந்த கைகளைப் போர்வைமேல் வைத்தாள், மரியாதையாக, உடையக்கூடிய சாமானை வைப்பது போல. எழும்பி, பாவாடையைத் தட்டிக்கொண்டாள். ஒரேத்தோவில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நூறு பேர் வருவார்கள், போக வேண்டும் என்றாள். வந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது.

சிஞ்ஞோரா அவளை நிமிர்ந்து பார்த்தார். கணக்கு ரீச்சர் அல்லவா, விளங்கிவிட்டது. என் கண் முன்னால் அவருக்கு அது விளங்கியது. வெறுமையாகக் கிடந்த கையை ஒருமுறை பார்த்தார். பிறகு உதட்டைக் கடித்து, கட்டில் கம்பியைப் பிடித்து, முதுகை வளைத்தார்.

“வலிக்கிறது,” என்றார். “இடுப்பில். உயிர் போகிறது.”

அவள் பையைக் கீழே போட்டாள். ஓடிப்போய் விழுந்து, அந்தக் கிழட்டுக் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவளுடைய கண்ணீர் கிழவியின் மணிக்கட்டில் இறங்கியது. முகம் முழுக்க வெளிச்சம். அவளுடைய தோளுக்கு மேலால் சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார். மருந்து இன்னும் ஆறு மணித்தியாலத்துக்கு வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். முனகிக்கொண்டே, என்னை நோக்கி மிகச் சிறிதாகத் தலையை ஆட்டினார், சொல்லிவிடாதே என்று.

நான் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன்.